பிரித்தால் கூட்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பிரிண்டர், ஒரு கேசட் டெக், ஒரு டிவிடி ரைட்டர்

டப்பா நிறையப் பற்சக்கரங்கள் சேர்த்து வைத்திருப்பவரிடம் போய், "இருபது பல் உள்ளதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கிளறுவார், எண்ணுவார், கடைசியில் ஒன்றை நீட்டுவார். அதன் துளைக்குப் பொருந்தும் தண்டு இருக்காது. தண்டு கிடைத்தாலும் அதோடு இணைந்து சுழலும் மறு சக்கரம் இருக்காது. பழைய மின்கருவிகளைப் பிரிக்கும் பழக்கம் உள்ளவர்களில் இப்படி ஒரு டப்பா இல்லாதவர் அபூர்வம். அதிலிருந்து எடுத்து ஒரு பொருளைச் செய்து முடித்தவர் அதைவிட அபூர்வம். எனக்கு உருப்படியாகப் பயன்பட்டவை எல்லாம் வேறு விதமாக எடுக்கப்பட்டவை. மோட்டார், சக்கரங்கள், தண்டுகள், அவற்றைத் தாங்கும் தகடு எல்லாம் ஒன்றாக, கருவிக்குள் இருந்த அதே நிலையில் வெளியே வந்தவை.

இம்முறை மேசைக்கு வந்தவை மூன்று. ஸ்கேனர் சேர்ந்த இங்க்ஜெட் பிரிண்டர், இரட்டைக் கேசட் டெக், மேசைக் கணினியிலிருந்து கழற்றிய டிவிடி ரைட்டர். மின்னணுப் பலகைகள் என் அக்கறை அல்ல. அசையும் பாகங்களைத்தான் தேடினேன். அதிலும் ஒரு தேவை முன்கூட்டியே தெளிவாக இருந்தது: சிறு பொருட்களை மிக அருகிலிருந்து படம் எடுக்கும்போது, பொருளை மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் நகர்த்தித் தரும் ஒரு மேடை. அண்மைப் படத்தில் ஒரு நேரத்தில் பொருளின் மெல்லிய ஓர் அடுக்கு மட்டுமே துல்லியமாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் அடுக்கி ஒன்றாக்கினால் முழுப் பொருளும் துல்லியமாகக் கிடைக்கும். அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதைக் கையால் செய்வது வதை.

திறக்கும் முன்

கருவி இன்னும் ஓடுகிறது என்றால், திருப்புளியை எடுக்கும் முன் ஒருமுறை அதை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. எந்த மோட்டார் எதைச் சுழற்றுகிறது, எந்த ஸ்பிரிங் எந்த நேரத்தில் இழுபடுகிறது, எந்த நெம்பு எதைத் தட்டிவிடுகிறது என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். பிரித்துப் போட்ட பிறகு அவை வெறும் பிளாஸ்டிக். பிரிண்டரின் மூடியைத் திறந்தால் அது நின்றுவிடும். மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் தேடிப்பிடித்து, மடித்த அட்டைத் துண்டு ஒன்றால் அழுத்தி வைத்தால் திறந்த நிலையிலேயே ஓடும். விரலை மட்டும் தள்ளி வைத்திருக்க வேண்டும். மின்வழங்கி உடலுக்குள்ளேயே இருக்கும் கருவிகளில் இந்த வேடிக்கை வேண்டாம். அவற்றின் செருகியைப் பிடுங்கிவிட்டு, பற்சக்கரங்களைக் கையால் உருட்டிப் பார்த்தால் போதும்.

செருகியைப் பிடுங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால், மின்வழங்கிக்குள் அந்த மின்சாரம் நுழையும் பக்கத்தில் இருக்கும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் டிசி மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். சில கருவிகளில் அது விநாடிகளில் வடியும், சிலவற்றில் வடியவே வடியாது. திருப்புளியைக் குறுக்கே வைத்து 'டப்' என்று வெடிக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திருப்புளிக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல. பத்து கிலோ ஓம், ஐந்து வாட் மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பி சேர்த்து, மின்தேக்கியின் இரு கால்களிலும் சில விநாடிகள் பிடித்து, பிறகு மல்டிமீட்டரால் சரிபார்க்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிப் பலரும் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் கதவில் அருமையான மைக்ரோ சுவிட்சுகள் இருக்கின்றன, தட்டைச் சுழற்ற மெதுவாகச் சுற்றும் மோட்டாரும் இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்திலேயே 2000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மின்தேக்கியும் இருக்கிறது. அது தொட்டவரை ஒரே அடியில் முடித்துவிடக்கூடியது. அடுப்பின் நுண்ணலையை உண்டாக்கும் குழாய்களான மேக்னட்ரான்கள் சிலவற்றின் பீங்கான் காப்பில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். உடைந்து தூசியானால் நுரையீரலுக்கு நஞ்சு. இரண்டு சுவிட்சுகளுக்காக இவ்வளவு தேவையில்லை. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியும் என் மேசைக்கு வருவதில்லை.

பிரிண்டர்

இங்க்ஜெட் பிரிண்டரை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும். மைத்தலையைச் சுத்தம் செய்யும்போது அது துப்பும் மை முழுவதையும் அடியில் உள்ள பஞ்சுத் திண்டு குடித்து வைத்திருக்கும். சாய்த்தால் அது வழியும். கையுறையும் பழைய செய்தித்தாளும் இல்லாமல் தொடங்கினால் ஒரு வாரத்துக்கு விரல் நீலமாக இருக்கும்.

உடற்கூட்டைப் பிரிப்பதில் சொல்ல அதிகமில்லை. பாதித் திருகுகள் கண்ணுக்குத் தெரியும், மீதி ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும், அதற்கும் மேல் நகராவிட்டால் எங்கோ ஒரு பிளாஸ்டிக் கொக்கி பிடித்திருக்கிறது என்று பொருள். எஃகுத் திருப்புளியால் நெம்பாமல், கெட்டியான பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் செருகி நகர்த்திக்கொண்டே போனால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும்.

முதலில் கிடைக்கும் சொத்து, மைத்தலை வண்டி ஓடும் எஃகுத் தண்டு. வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றிய, நேர்கோடு பிசகாத தண்டு. அளவு மாடலுக்கு மாடல் மாறும். காலிப்பர் என்ற அளவுகருவியை வைத்துத்தான் சொல்ல முடியும். இதைத் தட்டி எடுக்கக் கூடாது. ஒரு முனையில் சிறு கிளிப்போ, திருப்பினால் விடும் பிளாஸ்டிக் நெம்போ இருக்கும். தண்டோடு வண்டியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏனென்றால் பல மாடல்களில் வண்டிக்குள் இரண்டு வெண்கலப் புஷ்கள், அதாவது தண்டின் மேல் வழுக்கி ஓடும் குழல்கள், இருக்கின்றன. அவை உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தவை, நுண்துளைகளில் எண்ணெய் ஊறியவை. அந்தத் தண்டுக்கென்றே அளந்து செய்த புஷ் அது. வேறு தண்டில் போட்டால் ஒன்று இறுகும் அல்லது லொடலொடக்கும். அழுக்கைப் போக்குகிறேன் என்று இந்தப் புஷ்களைப் பெட்ரோலிலோ ஆல்கஹாலிலோ ஊறப்போட்டால் உள்ளே இருந்த எண்ணெயும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

வண்டியை இழுக்கும் பல் பெல்ட்டுக்கும் இதே விதிதான். பார்வைக்கு எல்லாச் சிறு பெல்ட்டுகளும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் முப்பரிமாண அச்சுக் கருவிகளில் புழங்கும் ஜிடி2 பெல்ட்டின் பல் இடைவெளி சரியாக 2 மி.மீ.; பழைய எம்.எக்ஸ்.எல். வகையின் இடைவெளி 2.032 மி.மீ. ஒரு பல்லை அளந்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது பல்லை எண்ணி அளந்தால் ஒன்று 100 மி.மீ. வரும், மற்றது 101.6 வரும். நான் எடுத்தது 101.6. அதாவது கடையில் கிடைக்கும் ஜிடி2 கப்பியில் இது ஒழுங்காக உட்காராது. மோட்டார் முனையில் இருக்கும் கப்பி, மறுமுனையில் ஸ்பிரிங்கோடு இழுத்துப் பிடிக்கும் கப்பி, பெல்ட் மூன்றும் ஒரே பையில் போயின. மோட்டார் தண்டிலிருந்து கப்பியை நெம்பிக் கழற்றும் எண்ணம் வரும், வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் தண்டு எளிதில் வளையும், வளைந்த பின் மோட்டாருக்கே மதிப்பில்லை.

வண்டிக்குப் பின்னால், ஒளி ஊடுருவும் பட்டை ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டியிருக்கும். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறப் படலம். உருப்பெருக்கி வைத்தால் நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். அங்குலத்துக்கு 150 அல்லது 180 கோடுகள் என்பது வழக்கமான அளவு. வண்டியில் உள்ள ஒளி உணரி இந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. 150 கோட்டுப் பட்டையில் ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு நிலை மாற்றங்களைப் படித்தால் அங்குலத்துக்கு 600, அதாவது ஏறத்தாழ 0.042 மி.மீ. துல்லியம் கிடைக்கும். வீசி எறியப்படும் ஒரு கருவிக்குள் இப்படி ஓர் அளவுகோல் இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான். கிரீஸ் பட்ட விரலால் தொட்டால் அந்த இடத்தில் எண்ணிக்கை தப்பும். என் மேடைக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன். சாதாரண டிசி மோட்டாரை இந்த உணரியின் சொல்கேட்டு நிறுத்த, இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கும் நிரல் வேண்டும். நின்ற இடத்தில் சற்று நடுங்கவும் செய்யும். அண்மைப் படத்துக்கு நடுக்கம் ஆகாது. ஆகவே தண்டு, வண்டி, பட்டை, உணரி, மோட்டார் எல்லாவற்றையும் ஒரே கூட்டாகக் கட்டி வேறு நாளுக்கு வைத்துவிட்டேன்.

வலப்பக்க மூலையில் மைத்தலை ஓய்வெடுக்கும் இடத்துக்கு அடியில், பல மாடல்களில் ஒரு குட்டிப் பம்பு இருக்கும். ரப்பர் குழாயை உருளைகள் அழுத்திக்கொண்டே சுழலும் வகை. மை காய்ந்து கறுத்திருந்தாலும் குழாயை மாற்றினால் புதிதாகிவிடும். திரவம் இயந்திரப் பாகம் எதையும் தொடாமல் போகும் என்பது இதன் சிறப்பு. இதையும் அதன் பற்சக்கரத்தோடு எடுத்துக்கொண்டேன்.

பற்சக்கரக் கணக்கு

ஸ்கேனர் பகுதியைத் திறந்தபோது கிடைத்ததுதான் இந்தப் பிரிண்டரின் மிக நல்ல உருப்படி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகுத் தகடு. அதன் ஒரு பக்கம் நான்கு கம்பி ஸ்டெப்பர் மோட்டார் (தொடர்ந்து சுழலாமல், சம அளவுச் சிறு 'அடி'களாக எடுத்து வைத்துத் திரும்பும் வகை), மறு பக்கம் தகட்டிலேயே அறைந்த ஊசித் தண்டில் ஒரு வெள்ளைப் பற்சக்கரம். மூன்று திருகுகளில் முழுத் தகடும் கையோடு வந்துவிட்டது. அதைப் பிரித்துச் சக்கரங்களைத் தனியே போட ஏன் மனம் வருவதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

மோட்டார் முனையில் உள்ள சக்கரத்துக்கு 24 பற்கள், வெளி விட்டம் 13 மி.மீ. நேர்ப் பற்சக்கரத்தில் வெளி விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வகுத்தால் அதன் 'மாட்யூல்', அதாவது பல்லின் அளவைச் சொல்லும் எண், கிடைக்கும்: 13 வகுத்தல் 26, அதாவது 0.5. மாட்யூல் ஒரே அளவாக இருக்கும் சக்கரங்கள்தான் ஒன்றோடொன்று ஓடும். பெரிய சக்கரத்துக்கு 60 பற்கள். இரு தண்டுகளின் மையங்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம், பற்களின் கூட்டுத்தொகையை மாட்யூலால் பெருக்கி இரண்டால் வகுத்தது: 84 பெருக்கல் 0.5, வகுத்தல் 2. சரியாக 21 மி.மீ. காலிப்பர் வைத்துப் பார்த்தேன். கணக்கைவிட ஒரு மயிரிழை கூடுதல், பற்கள் முட்டாமல் இருக்க வேண்டுமென்றே விட்டிருக்கும் இடம். இதை நாமே ஒரு பலகையில் கைத்துளைப்பானால் துளையிட்டுச் செய்யப் பார்த்தால் கால் மில்லிமீட்டர் பிசகுவது சர்வ சாதாரணம். நெருங்கினால் இறுகும், விலகினால் சத்தம் போடும், சுமை ஏறும்போது பல் தாவும். தொழிற்சாலை அச்சில் அடித்த அந்த இரு துளைகளின் துல்லியம்தான் நமக்குக் கிடைக்கும் உண்மையான பரிசு, பிளாஸ்டிக் சக்கரம் அல்ல.

மோட்டார் எத்தனை அடியில் ஒரு சுற்று முடிக்கிறது என்று அதன் உடலில் பல நேரம் எழுதியிருக்கும். 7.5 பாகை என்றால் 48 அடி, 1.8 பாகை என்றால் 200. இதில் 7.5. நான்கு கம்பிகளில் எந்த இரண்டு ஒரு சுருளுக்கு உரியவை என்று தெரிய மல்டிமீட்டர்கூடத் தேவையில்லை. இரண்டு கம்பிகளின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டை விரலால் திருப்ப வேண்டும். திடீரென்று கனத்தால் அவை இரண்டும் ஒரே சுருள். ஒன்றும் மாறாவிட்டால் வேறு கம்பியைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

கேசட் டெக்

டெக்கின் திருகுகள் நட்சத்திர வடிவில் இருப்பதால் கையில் கிடைத்த பிலிப்ஸ் திருப்புளியைப் போடத் தோன்றும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கருவிகளில் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில்துறைத் தரம்) வகைத் திருகுகள் இருக்கும். பார்வைக்கு அதேபோல், ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறித் தலையைச் சிதைத்துவிடும். பல திருகுகளில் தலையின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி குழிந்திருக்கும், அதுதான் அடையாளம். ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும். அது பிலிப்ஸ் திருகிலும் ஓரளவு வேலை செய்யும்.

உள்ளே ரப்பர் பெல்ட்டுகள் இருந்த இடத்தில் கறுப்புத் தார் மட்டும் மிச்சம். முதிர்ந்த ரப்பர் இப்படி உருகி, வேகத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்தால் வரும்; துணியில் பட்டால் அந்தத் துணியை மறந்துவிட வேண்டியதுதான். சுத்தம் செய்த ஃப்ளைவீல்கள் இரண்டும் கனமாக, ஆட்டமே இல்லாமல் சுழலுகின்றன. நாடாவை விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் பிசகாமல் இழுக்கச் செய்தவை அல்லவா. இடது ஃப்ளைவீலின் தண்டு, தான் சுழலும் இடது உறையோடும், வலது தண்டு வலது உறையோடும் தனித்தனிப் பைகளில் போயின. தண்டின் முனையில் மாட்டியிருக்கும் சிறு நைலான் வாஷர்களையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். அவை விழுந்தால் ஒலி எழாது, கண்ணுக்கும் தெரியாது.

தண்டிலிருந்து பாகங்கள் கழலாமல் பிடிக்கும் சிறு வளையங்களான சர்க்கிளிப்புகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் பகுதியை வைத்து, பைக்குள்ளேயே கைவிட்டுக் கழற்றுங்கள். தெறிக்கும் கிளிப் பையைத் தாண்டாது. ஸ்பிரிங்குகளும் அப்படியே. ஆனால் ஸ்பிரிங்கைக் கழற்றும் முன், அது எந்த இரு கொக்கிகளுக்கு இடையே இருந்தது, மாட்டியிருந்தபோது எவ்வளவு நீண்டிருந்தது என்று அளந்து எழுதிவிடுவேன். நீளம் தெரிந்தால், பின்னர் தெரிந்த எடை ஒன்றைத் தொங்கவிட்டு அது எவ்வளவு விசைக்குரியது என்று கணக்கிடலாம். பெயர் தெரியாத ஸ்பிரிங்கைவிட விசை தெரிந்த ஸ்பிரிங் பத்து மடங்கு பயன்படும்.

டெக்கின் மோட்டாரில் ஓர் எச்சரிக்கை. பார்வைக்கு வெறும் இரண்டு கம்பி டிசி மோட்டார்; ஆனால் பலவற்றில் உள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. கம்பியை மாற்றிக் கொடுத்தால் மறுபுறம் சுற்றாது. மின்னழுத்தத்தைக் குறைத்தோ, துடிப்புகளாகக் கொடுத்தோ வேகத்தை மாற்றப் பார்த்தால் தகராறு செய்யும். பின்புறத்தில் சிறு துளை தெரிந்தால், வேகத்தைத் திருத்தும் திருகு அதற்குள் இருக்கும். மாறாத வேகம் வேண்டிய இடத்தில் அருமையான மோட்டார், மற்ற இடங்களில் தொல்லை.

கேசட் கதவு 'பொத்'தென்று விழாமல் மெதுவாகத் திறப்பதற்குக் காரணமான பாகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கதவின் ஓரத்தில் நகத்தளவுப் பற்சக்கரம் ஒன்று; அதன் வயிற்றுக்குள் கெட்டியான சிலிக்கோன் கிரீஸ். விரலால் உருட்டினால் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தன் வேகத்தில்தான் நகரும். இதைத் தனியாகக் கழற்றினால் வீண். கதவில் வில்லாக வளைந்திருக்கும் பற்சட்டத்தையும் சேர்த்து அறுத்து எடுத்தால், எந்த மரப்பெட்டியின் மூடிக்கும் அப்படியே பொருத்தலாம்.

டிவிடி ரைட்டரும் மேடையும்

மேடைக்கு வேண்டியது இதில்தான் இருந்தது. முன்பக்கத்தில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நுழைத்தால் தட்டு வெளியே வரும். முன்பட்டையைக் கழற்றி, அடித்தகட்டின் நான்கு திருகுகளை விட்டால் உள்ளே உலோகச் சட்டம் நான்கு ரப்பர்களின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அந்த ரப்பர்களையும் வீசக் கூடாது. அதிர்வைத் தாங்க அவற்றைவிட நல்லது கிடைப்பது கடினம்.

சட்டத்தில் இரண்டு வழிகாட்டித் தண்டுகள், அவற்றின் மேல் லென்ஸ் வண்டி, பக்கத்தில் மரைத்தண்டோடு ஒரு குட்டி ஸ்டெப்பர். இந்த வகை மோட்டார்கள் பெரும்பாலும் சுற்றுக்கு 20 அடி. மரை ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. நகர்த்தும். ஆக ஓர் அடிக்கு 0.15 மி.மீ. இதை நம்பிக்கையில் விடாமல், 100 அடி அனுப்பி வண்டி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். 15 மி.மீ. வந்தால் சரி. என்னுடையது வந்தது.

லேசர் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். ரைட்டரில் இரண்டு லேசர்கள். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. இரண்டாவது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும். எழுதும் திறன் சாதாரண லேசர் சுட்டியைவிடப் பல மடங்கு. வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்து விளையாடும் பொருள் அல்ல. பட்டைக் கம்பியை முதலில் வெட்டிவிட்டு, லென்ஸ் தொகுதியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அதில் உள்ள சிறு நியோடிமியம் காந்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியின் உலோக உடலை விட்டுவைத்தேன். அதன் துளைகள் அந்தத் தண்டுகளுக்கே உரியவை. வட்டைச் சுழற்றும் மோட்டாரை மூன்று திருகுகளில் நீக்கினால் வண்டி ஓட இடம் தாராளமாகிறது. வண்டியின் மேல் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை எபாக்சியால் ஒட்டினேன். இதுவே மேடை. சட்டத்தில் வேறு எதையும் தொடவில்லை. தண்டுகள், மரை, மோட்டார் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய கிரீஸ் மெழுகாகக் கெட்டியாகியிருந்தது. துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸை ஊசி முனையளவு தடவினேன். துருநீக்கித் தெளிப்பான்களை இங்கே அடிக்கக் கூடாது. அவை நிலைத்து நிற்கும் மசகு அல்ல, சில பிளாஸ்டிக்குகளை விரிசலிடவும் செய்யும்.

மரைத்தண்டைக் கடிக்கும் பிளாஸ்டிக் பல்லைக் கவனித்துப் பார்த்தால், ஒரு சிறு ஸ்பிரிங் அதை மரையின் பக்கவாட்டில் சதா அழுத்திக்கொண்டிருப்பது தெரியும். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். பல்லைத் தனியே கழற்றி வேறு விதமாக ஒட்டியவர்கள் இந்த ஒரு குணத்தை இழந்துவிடுகிறார்கள்.

மோட்டாரின் நான்கு முனைகளும் மெல்லிய பட்டைக் கம்பியில் முடிகின்றன. பற்றவைப்புக் கோலை ஒரு விநாடிக்கு மேல் வைத்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் இளகி முனை நகர்ந்துவிடும். முதலில் கம்பியின் நுனியில் ஈயம் பூசிக்கொண்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். சுருள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 ஓம் காட்டியது. மோட்டாரின் சுருள்களுக்கு அடி அடியாக மின்னோட்டம் தரும் இயக்கியாக ஏ4988 பலகை ஒன்றைப் போட்டேன். அதற்கு மோட்டார் பக்கம் குறைந்தது 8 வோல்ட் வேண்டும். பழைய ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர் உதவியது. மோட்டார் 5 வோல்ட் வகை என்பதால் 12 வோல்ட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்தால் போதும். மின்னோட்டத்தை அளக்கப் பலகையில் வைத்திருக்கும் உணர் மின்தடை 0.1 ஓம் என்றால், வரம்பு மின்னோட்டத்தை 0.8ஆல் பெருக்கிய அளவு வோல்ட்டைக் குறிப்பு முனையில் வைக்க வேண்டும். எனக்கு 0.25 ஆம்பியர் போதும், ஆகவே 0.2 வோல்ட். மின்தடை 0.05 ஓம் உள்ள பலகையில் இதில் பாதி. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் இயக்கி எரிந்துவிடும். இதைப் பலகையின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கேமராவை நகர்த்த இந்த மோட்டாருக்குத் திராணி கிடையாது. லென்ஸ் தொகுதி சில பத்து கிராம்கூட இருக்காது, அதற்காகப் படைக்கப்பட்டது. ஆகவே கேமரா அசையாமல் நிற்கிறது, பொருள் நகர்கிறது. செங்குத்தாக நிறுத்தினால் மின்சாரம் போனதும் மேடை தானாகச் சரியலாம். படுக்கை வாட்டமே நல்லது. உயிரளவில் (பொருளின் அளவிலேயே பிம்பம் விழும்போது), லென்ஸின் எஃப்8 துளையில் துல்லிய அடுக்கின் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் என்பதால் படத்துக்கு இரண்டு முழு அடி, அதாவது 0.3 மி.மீ. நகர்த்தினால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வசதியாக ஏறுகின்றன. இரு மடங்கு உருப்பெருக்கத்துக்கு ஓர் அடி அல்லது அரை அடி. இயக்கி எட்டில் ஓர் அடியாகவும் பிரித்துத் தரும். கணக்குப்படி அது 0.019 மி.மீ. ஆனால் இவ்வளவு சிறிய மோட்டார் ஓர் அடியை எட்டுச் சம பங்காகப் பிரிப்பதில்லை, நான் அந்த எண்ணை நம்பி வேலை செய்வதும் இல்லை. பத்து மடங்கு நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ் லென்ஸ் போட்டால் அடுக்கின் தடிமனே 0.01 மி.மீ. அளவுதான், அதற்கு இந்த மேடை போதாது, வேறு ஏற்பாடு வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஒரு விநாடி காத்திருந்து அதிர்வு அடங்கிய பின் படம் எடுக்கும்படி நிரலில் வைத்திருக்கிறேன். தொடக்க இடத்துக்குத் திரும்பும்போது சற்றுத் தாண்டிப் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படியும்.

தட்டை உள்ளிழுக்கும் அமைப்பில் இருந்த சிறு சுவிட்சைப் பின் முனையில் ஒட்டி, மேடை தன் தொடக்க எல்லையைத் தொட்டால் தெரியும்படி செய்தாயிற்று. மிச்சமான பலகைகளும் மின்கலமும் மின்கழிவு சேகரிப்புக்குப் போகும் பெட்டியில் இருக்கின்றன. கூட்டாக எடுத்தவை ஒவ்வொன்றின் பையிலும் ஒரு சீட்டு: எந்தக் கருவி, அங்கே என்ன வேலை செய்தது, எத்தனை வோல்ட், அளந்த எண்கள்.

அடுத்து அந்த ஸ்கேனர் தகடு. 48 அடி மோட்டார், 24க்கு 60 பல் என்றால் பெரிய சக்கரம் ஒரு சுற்று முடிக்க 120 அடி, அடிக்கு 3 பாகை. அதன் மேல் ஒரு வட்டத் தட்டை ஒட்டினால், அதே மேடைக்கு முன்னால் பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கலாம். ஊசித் தண்டு நிலையாக நிற்க, சக்கரம் மட்டும் அதன்மேல் சுழல்வதால் தட்டைச் சக்கரத்தின் முகத்திலேயே ஒட்ட வேண்டும். அது எவ்வளவு தள்ளாட்டம் இல்லாமல் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதி.